வீடு கொடுத்தலும் உடனின்று கட்டுதலும்

வீடு என்னுஞ் சொல் நம் மொழியிலே இருபொருள் தருவது. உயிர் பந்தத்தினின்றும் நீங்கி எய்தும் முடிந்த நிலையும் வீடு. ஒரு குடும்பம் மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாது தங்கி வாழும் மனையும் வீடு. விடு என்னும் முதனிலை நீண்டு பிறந்த இச்சொல்லின் இருபொருட்கும் அடியாய் நிற்பது விடுதலையே. மனையாகிய வீடு நம்மை எவற்றினின்றும் விடுவிக்கின்றது? ஒழுகுங் கூரையின் கீழே பிள்ளைகளை மூலைக்கு மூலை மாற்றிக் கிடத்தும் மாரியிரவினின்றும் விடுவிக்கின்றது. "நாளைக்கே எழும்பிப் போ" என்னும் நிலக்காரருடைய சொல்லினின்றும் விடுவிக்கின்றது. புத்தகத்தை நனையாமல் வைக்க ஓரிடமில்லாத மாணாக்கனை அவ்விடுக்கணினின்றும் விடுவிக்கின்றது. ஆதலின், ஒரு குடும்பத்துக்கு வீடு உதவுதல், ஒருபொழுதைப் பசி தீர்ப்பதினும், ஓராண்டுக்கு ஆடை கொடுப்பதினும், நெடிது நின்று பயக்கும் அறமாம்.

இவ்வறத்தின் சிறப்பை மறுப்பார் ஒருவருமிலர். ஆராயத்தக்கது அதனைச் செய்யும் வகையே. பொருளுடையார் ஒருவர் ஏழைக்கு வீடொன்றை முற்றக் கட்டி இனாமாக ஈயலாம். கடன் கொடுப்போர் ஒருவர் வட்டி கொண்டு பொருள் உதவலாம். மூன்றாவதொரு வகையும் உண்டு: ஊரார் தாமே கடகமும் மண்வெட்டியும் கொண்டு சென்று, அவ்வீட்டில் வாழப்போகின்றவரோடு ஒருங்குநின்று, கூலி பெறாது கட்டிக் கொடுத்தல். இம்மூன்றனுள் எது அறத்தின் நிறைவு? இனாமே உயர்ந்ததென்பது பெரும்பாலார் துணிபு. வாழப்போகின்றவருடைய கையையும் பொருளையும் அளவறிந்து வாங்கிக்கொண்டு உடனின்று கட்டுவதே நிறைவென்பது யாம் ஈண்டு நிறுவப் புகுந்தது. அது பொதுப்படச் சொன்னாற் பொருந்தாது. நிகழ்ந்ததொன்றை முன்வைத்து ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டின் தென்பாகத்திலுள்ள ஜோர்ஜியா மாகாணத்திலே, அமெரிக்கஸ் என்னும் சிற்றூருக்கு அணித்தாக, 1942ஆம் ஆண்டிலே கிளாரன்ஸ் ஜோர்டன் என்பவரும் அவருடன் கூடினோரும் கொயினோனியா என்னும் பண்ணையொன்றை நிறுவினர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே பேருந்தில் அடுத்தடுத்து அமர்தலும் குற்றமாயிருந்த நாட்டிலே, அப்பண்ணையார் இருசாராரும் ஒரே பந்தியிலிருந்து உண்டனர். அதுவே அவர்க்குப் பெரும்பகையாய் விளைந்தது. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அயலூர் வணிகர் அவர்க்கு ஒன்றும் விற்க மறுத்தனர். அவர் விளைத்ததை வாங்கவும் மறுத்தனர். வீதியோரத்திருந்த அவர் கடையை வெடிவைத்துத் தகர்த்தவரும் உளர். அவர் ஊர்விட்டுப் போயினாரல்லர். 1968இலே அப்பண்ணையார் தம் நிலத்தில் 42 மனைகளை, ஒவ்வொன்றும் அரை ஏக்கராக, நம்மவர் கணக்கில் 8 பரப்பாக, அளந்து விட்டனர். குடிசையிலே தண்ணீர்க்குழாயும் மலகூடமும் இன்றி வாழ்ந்த கூலித்தொழிலாளருக்கு வீடு கட்டுதலே அவர் நோக்கம்.

அவ்வெண்ணத்தில் ஜோர்டனுக்குத் துணைநின்றவர் மில்லட் புல்லர் என்னும் வழக்கறிஞர். இவர் முப்பது வயது நிரம்புமுன்னரே பெருஞ்செல்வம் ஈட்டியவர்; செல்வம் பெருகப் பெருக இல்லறம் சிதைவதைக் கண்டு, 1965ஆம் ஆண்டளவில் மனைவியார் லிண்டாவோடு ஆராய்ந்து, உள்ளதை விற்று அறத்துக்களித்துவிட்டு எளிய வாழ்வை மேற்கொண்டவர். இவ்விருவரும் வகுத்த முறை நான்கு உறுப்புடையது: வீட்டை இலாபமின்றி அடக்கவிலைக்கே கொடுத்தல், அவ்விலையைப் பல்லாண்டுத் தவணையாக வட்டியின்றிப் பெறுதல், வீடு பெறுவோர் தம் உடலுழைப்பையும் அதிற் சேர்த்தல், திரும்பி வரும் பணத்தை வேறெதற்கும் எடாது அடுத்த குடும்பத்தின் வீட்டுக்கே இடுதல். முதல் வீடு 1969இலே கறுப்பினக் குடும்பமொன்றுக்காக எழுந்தது. அது நிறைவெய்துமுன்னரே, அவ்வாண்டு ஒற்றோபர் மாதத்தில், ஜோர்டன் இறந்தார். அவர் விட்டுச்சென்ற பணி நின்றுவிடவில்லை. புல்லர் தம்பதியர் ஆபிரிக்காவின் சயர் நாட்டிற் சென்று மூன்றாண்டு அம்முறையே வீடு கட்டுவித்து மீண்டு, 1976இலே, மனிதகுலத்துக்கு உறைவிடம் எனப் பொருள்படும் ஹபிடாட் போர் ஹியூமனிட்டி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர்.

1977 முதல் 1981 வரை அந்நாட்டின் சனாதிபதியாயிருந்த ஜிம்மி கார்ட்டர், பதவி நீங்கியபின், 1984இலே நியூயோர்க் நகரத்துப் பாழ்பட்ட ஆறுமாடிக் கட்டடமொன்றை 19 குடும்பங்களுக்கு உறைவிடமாக்கும் வேலையிலே தச்சுக்கருவி ஏந்திச் சேர்ந்தார். அன்று முதல் ஆண்டுதோறும் மனைவியாரோடு அவ்வேலைக்குப் போயினார். 2019இலே, தமது 95ஆம் வயதில், இடறி விழுந்து முகத்தில் தையலிட்ட காயத்தோடும், நாஷ்வில் நகரத்து வேலைத்தலத்துக்கு வந்தார். 2024ஆம் ஆண்டு முடிவில் அவர் காலமாயினார். இவர்களெல்லாங் கிறித்து சமயத்தவர். சமயக்கொள்கையில் அவர் வழி வேறு, நம் வழி வேறு. ஆயினும் அந்நிறுவனத்தார் வீடு பெறுவோரைச் சமயம் பார்த்துத் தெரிவதில்லை. நல்லதொரு முறை எவரிடத்ததாயினும் ஆராய்ந்து கொள்ளுதல் கற்றார்க்கு இயல்பு.

இனி, இம்முறையின்மீது நிகழ்த்தப்படும் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வாம்.

"ஏழையிடத்து விலை கேட்டல் அறமோ? கொடுப்பதாயின் முற்றக் கொடுத்தலன்றோ வள்ளன்மை?" என்பது முதலாவது தடை. இதனைக் கூறுவார் நன்மனத்தவரே. ஆனால் அவர் கொடுப்போன் நெஞ்சை மாத்திரம் நோக்கினாரன்றிக் கொள்வோன் நெஞ்சை நோக்கினாரல்லர். இனாமாகப் பெற்ற வீட்டிலிருப்பவன், அதனைக் கொடுத்தவர் தெருவிற் போகும்போதெல்லாம் தோளிற் கிடக்குஞ் சால்வையை எடுத்து அரையிற் கட்ட வேண்டியவனாகின்றான். அவர் சொற்படி வாக்களிக்கவும், அவர் வீட்டு வேலைக்குக் கூப்பிட்ட குரலுக்கு ஓடவும் கடமைப்பட்டவனாக அவரும் கருதுகின்றார், அவனும் கருதுகின்றான். மழையினின்றும் விடுபட்டவன் மனிதனுக்குக் கட்டுப்பட்டான். விடுதலை தராத மனையை வீடென்றல் எங்ஙனம்? அடக்கவிலையைச் சிறுகச் சிறுகக் கொடுத்து முடித்தவனோ, எவர்முன்னும் நிமிர்ந்து நிற்பான். அவன் கொடுத்த பணம் கொடையாளியின் பெட்டிக்கு மீளுவதில்லை. இன்னொருவன் வீட்டுக்கு அத்திவாரமாகின்றது. நம் பெண்கள் சீட்டுக் கட்டுகையில், முதலிற் சீட்டை எடுத்தவள் பின்பும் தவறாது கட்டி மற்றையோர்க்குப் பயன்படுதல் போன்றதே இது. ஏற்றோன் அதனால் ஈவோனாகின்றான். ஏழைக்கு நாம் கொடுக்கத்தக்கவற்றுட் பெரியது, தானும் கொடுக்கும் உரிமையேயாம்.

வட்டியொழித்தலின் வலியை ஆசிரியர்கள் கணக்குப் பாடத்திலேயே காட்டலாம். 10,00,000 ரூபாவை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துவீத வட்டியிற் பெற்று 20 ஆண்டுகளில் மாதத் தவணையாக இறுப்பவன், முதலும் வட்டியுமாக ஏறக்குறைய 23,16,000 ரூபா கட்டுகின்றான். ஒரு வீட்டில் வாழ்ந்து, இரண்டு வீட்டுக்கு மேற்பட்ட விலையைக் கொடுத்தவனாகின்றான். வட்டி நீங்கின், அதே மாதத்தவணையை ஒன்பதாண்டுக்குள்ளே கட்டித் தீர்ப்பான். ஏழைக்கு விலை பாரமன்று. விலையின்மேல் ஏறும் விலையே பாரம்.

"விலை கொடுக்கவும் உடலால் உழைக்கவும் இயலாத முதியோரும் கைம்பெண்டிரும் நோயாளரும் என்செய்வர்? உழைத்தாலன்றி வீடில்லையெனின் அது கொடுமையன்றோ?" என்பது இரண்டாவது தடை. இதற்கு விடையைத் தேடி நாம் அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. வைகை பெருகிக் கரையுடைந்த காலத்திலே, பாண்டியன் மதுரைமாந்தர்க்குக் கரையை அளந்து பங்கிட்டான். பிட்டு விற்றுச் சீவித்த வந்தியென்னும் முதியவள், ஆளில்லாதவள், தன் பங்கை அடைக்க வழியின்றி வருந்தினாள். இறைவன் கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டே கூலியாக, அவள் பங்குக்கு மண் சுமந்தான். அரசனது பிரம்படி அவன்மேல் வீழ்ந்தபோது, அது எல்லாவுயிர்மேலும் பட்டது. இக்கதையை மாணாக்கர்க்கு ஆண்டுதோறுஞ் சொல்லுகின்றோம். அதன்கண் உள்ள நுட்பமொன்றை ஊன்றி நோக்குக. இறைவன் நினைத்திருப்பின், வந்தியின் பங்கைக் கணக்கினின்றும் நீக்குமாறு அரசன் மனத்தைத் திருப்பியிருக்கலாம். அங்ஙனஞ் செய்திலன். அவள் பங்கு அவள் பங்காகவே நின்றது. அவளும் தன்னாலியன்ற பிட்டைக் கூலியாகக் கொடுத்தாள். குறைந்ததைச் சுமக்க மாத்திரம் ஒரு தோள் வந்தது. ஆதலாற் கரை கட்டினோருள் வந்தியும் ஒருத்தியாயினாள். உடலால் உழைக்க இயலாதார் பங்கை உறவினரும் நண்பரும் ஈடுசெய்ய இடமளித்தலும், வேலைத்தலத்தில் எளிய பணிகளை அவர்க்கு வகுத்தலும் ஹபிடாட் முறையிலும் உண்டு. கல் சுமக்க இயலாதவள் தேநீர் வைப்பாள், கணக்கெழுதுவாள், கருவிகளைக் காப்பாள். பங்கில்லாதவள் என்று அவளைத் தள்ளாமையே அறம்.

மூன்றாவது தடை கூரியது. "கற்றவர் கையில் மண்வெட்டி பொருந்துமோ? அவர் ஒருநாள் முழுதும் வைத்த கல்லை மேசன் ஒருமணியில் வைப்பான். தொலைநாட்டினின்றும் விமானமேறி வந்து பத்துநாள் கல்லெடுத்துப் படம் பிடித்துப் போகின்றவர், அப்பயணச்செலவைப் பணமாக அனுப்பின், பல மேசன்மார் கூலி பெறுவர், வீடும் விரைந்தெழும். இவ்வுழைப்பு தொண்டோ, தொண்டுபோலுந் தோற்றமோ?" என்பர். இத்தடையின் ஒருபாகம் மெய்யென்று ஒப்புதல் வேண்டும். கூலிக்கு ஏங்கும் மேசன் வீதியில் நிற்க, அவன் வேலையைத் தொண்டரென வந்தவர் பறித்துச் செய்தல் அறமன்று. படத்துக்காக எடுத்த கல் எவர் வீட்டையும் தாங்காது. ஆதலின் தொழில் தெரிந்தோர்க்குரிய வேலையை அவர்க்கே விட்டுக் கூலியுங் கொடுத்து, அத்திவாரம் வெட்டல், மண் சுமத்தல், கல்லரிதற்குச் சல்லியும் மணலும் கலத்தல், அரிந்த கல்லுக்கு நாடோறும் நீர் விடுதல் ஆகிய பணிகளையே தொண்டர் ஏற்கவேண்டும். இவ்வாறு செய்யின் செலவுங் குறையும், தொழிலாளியும் கெடான்.

எனினும், மற்றைப்பாகம் மெய்யன்று. உடனுழைப்பின் பயனைக் கல்லெண்ணி அளத்தல், அன்னை ஊட்டுஞ் சோற்றைச் சாப்பாட்டுக்கடை விலையால் அளத்தலை ஒக்கும். பணம் அனுப்பியவர்க்கு அக்குடும்பம் ஒரு பெயர். உடனின்று மண் சுமந்தவர்க்கு அது அயல். அவ்வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வாராத நாளில், "ஏன் வந்திலை?" என்று கேட்க அவருக்கு நாவெழும். அவரும், தாம் அதுகாறும் ஒருபொருட்டாக எண்ணாத மேசனிடத்தே, "இப்படிப் பிடியுங்கள் ஐயா" என்று கற்றுக்கொள்ளும் மாணாக்கராவர். கற்பித்தே பழகியவர்க்கு இது பெருமருந்து.

நான்காவது தடை: "வீடமைத்தல் அரசினர் கடன், ஊரார் அதிற் புகுதல் வீண்" என்பது. அரசினர்க்குக் கடனுண்மை மெய்யே. பல்லாயிரம் வீடுகளைத் தொண்டரால் மாத்திரம் கட்டுதல் இயலாது. ஆயினும் அரசினர் பொருளும் எங்கே குறைபடுகின்றதென்பதை நம் நாட்டிலேயே கண்டோம். போர் முடிந்தபின், இந்திய அரசின் உதவியாக, 2012ஆம் ஆண்டு முதல் வடக்கு கிழக்கு மாகாணங்களில் ஏறக்குறைய 45,000 வீடுகள் அமைக்கும் வேலை நடைபெற்றது. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, கட்டட வேலை ஏறுந்தோறும் பகுதி பகுதியாகக் கொடுக்கப்பட்டது. குடும்பத்தாரே பொருள் வாங்கி, ஆள் பிடித்துக் கட்டுவித்தனர். ஹபிடாட் நிறுவனமும் அவ்வேலையை நடத்தியவற்றுள் ஒன்று. ஒப்பந்தகாரர் கட்டிக் கையளிக்கும் வீட்டினும், தாமே கட்டுவித்த வீட்டைத் தமதென்று அக்குடும்பங்கள் மதித்தன. அது நன்மை. ஆனால் ஒரே காலத்திற் பலர் கட்டத் தொடங்க, மணலும் கல்லும் கூலியும் விலையேறின. வீட்டில் ஆளுள்ளவர் தாமே உழைத்துச் செலவைச் சுருக்கினர். கணவனை இழந்து, சிறுபிள்ளைகளோடு மீளக்குடியேறிய பெண்களோ, எல்லாவற்றுக்குங் கூலி கொடுக்கவேண்டியவராய், நகையை அடகு வைத்தும் வட்டிக்குக் கடன் பட்டும் கூரைமட்டம் வரை கட்டி நின்றனர். அவர்க்குக் குறைந்தது பணம் மாத்திரமன்று. பத்து அயலார் இரண்டு சனிக்கிழமை வந்து கைகொடுத்திருப்பின், அக்கடனில் ஒருபகுதி ஏறியிராது. அரசினர் பொருளை ஈயலாம். அயலை ஈதல் அரசினராலாகாது. அதனை நாமே ஈதல் வேண்டும்.

அயலார் கூடி வீட்டுவேலை செய்தல் நமக்குப் புதிதன்று. கிடுகாலும் பனையோலையாலும் வேய்ந்த வீடுகள் நிறைந்திருந்த காலத்திலே, மாரிக்குமுன் வீடு வேயும் நாளென்றால், உறவினரும் அயலாரும் சொல்லாமலே வந்து சேர்வர். ஒருவர் ஓலை எடுத்துக்கொடுப்பர், ஒருவர் கட்டுவர், பெண்கள் சமைப்பர், வேலை முடிந்து எல்லாரும் ஒருங்கிருந்து உண்பர். கூலியென்னும் பேச்சில்லை, இன்று உனக்கு, நாளை எனக்கு. ஓடும் சீமெந்தும் வந்தபின் வேய்தல் ஒழிந்தது. அதனோடு அக்கூட்டமும் கலைந்தது. சிலர் இதனை நினைந்து இரங்குவர்.

இரங்குமுன் ஒன்றை ஆராய்க. அக்கூட்டத்துள் வந்தவர் யார்? எவர் வீட்டில் நாம் உண்போமோ, அவர் வீட்டையே வேய்ந்தோம். எவர் வீட்டில் உண்ண மறுத்தோமோ, அவர் வீட்டை வேயப் போயினோமல்லேம். அதுமாத்திரமா? குடிமையென்னும் பெயரால் அவர் நம் வீட்டுக்கு வந்து சுமந்தனர், வெட்டினர், கட்டினர். பிறருடைய காணியில், எந்நேரமும் எழும்பவேண்டிய அச்சத்தோடு, தாழ்ந்த குடிசையில் அவர் வாழ்ந்தபோது, கடகங்கொண்டு அங்கே சென்ற நம்மவர் மிகச் சிலர். எனவே நாம் இழந்த வழக்கத்தை அப்படியே மீட்டல் போதாது; அது நின்றுவிட்ட எல்லைக்கு அப்பால் அதனைக் கொண்டுபோதல் வேண்டும். ஜோர்ஜியாப் பண்ணையாரை அயலவர் வெறுத்தது ஒருபந்தியில் உண்டமைக்காகவே என்பதை ஈண்டு நினைவுகொள்க. ஒருங்குண்ணத் துணியாதவர் கட்டிக்கொடுக்கும் வீடு தருமசத்திரமாகலாம், தொண்டாதல் அரிது. தொண்டின் உரைகல் கொடுத்த தொகையன்று. கட்டிமுடித்த வீட்டின் திண்ணையில் அமர்ந்து, அவ்வீட்டார் தருந் தண்ணீரை வாங்கிக் குடிப்போமா என்பதே.

இதனை ஒரு பள்ளியாசிரியர் செய்து காட்டியது இந்நாட்டிலேயே உண்டு. 1958ஆம் ஆண்டிலே, கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின என்பவர், தம் மாணாக்கரையும் உடனாசிரியரையும் அழைத்துக்கொண்டு, குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்றார். அங்கு வாழ்ந்தோர் சிங்களச் சமுதாயத்தாரால் மிகத் தாழ்ந்தோராக ஒதுக்கப்பட்டவர். அவரோடு கூடி உடலுழைப்பை ஈந்தமையாற் பிறந்த சிரமதானம், சர்வோதய இயக்கமாய் இலங்கை முழுதும் பரந்தது. அரசாணையும் பெரும்பொருளும் அதற்கு வித்தல்ல. ஓராசிரியரும் விடுமுறை நாட்களுமே வித்து.

நம் சமயத்திலே கைத்தொண்டு தாழ்ந்ததென்று கருதுவார்க்கு இடமில்லை. நாவுக்கரசு நாயனார் பாடிய நாவினரேயாயினும், அவர் திருக்கரத்தில் நாம் காண்பது உழவாரப்படையையே. பூசலார் நாயனார் பொருள் கிடையாமையால் மனத்திலே கோயில் கட்டினார். இறைவன் அதனை ஏற்று எழுந்தருளினான். இறைவனுக்கு மனக்கோயில் அமையும். அயலில் ஒழுகுங் குடிசையிலிருக்கும் பிள்ளைக்கு நாம் மனத்திற் கட்டும் வீடு அமையாது. அன்பு நெஞ்சிலிருந்தால் போதும் என்பார் இவ்வேறுபாட்டை உணர்வாராக.

சைவாசிரியர்களே! உங்கள் வகுப்பில் எப்பிள்ளையின் கொப்பி மழைநாளில் நனைந்து வருகின்றதென்பதை உங்களைப்போல் அறிந்தார் எவருமிலர். பள்ளியிலிருந்து நடந்துசெல்லுந் தூரத்திலுள்ள வீடொன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காணியுரிமையை முதலில் உறுதிப்படுத்துங்கள். பிறர் நிலத்திற் கட்டிய சுவர் பிறர்க்கே ஆகும். தகுந்த மேசனையும் தச்சரையும் கூலிக்கு அமர்த்தி, அவர் சொற்படி நடவுங்கள். மேல்வகுப்பு மாணாக்கர் அத்திவாரமும் மண்ணும் நீரும் பார்க்கட்டும். கூரைமேலேறும் வேலையை அவர்க்கு விடாதீர்கள். வீட்டாரையும் முதனாள் தொட்டே உழைப்பிற் சேருங்கள். வாசலில் எவர் பெயரையும் பொறியாதீர்கள். அவ்வீட்டார் மாதந்தோறுந் தரக்கூடிய சிறுதொகையை அவரையே கேட்டு நிச்சயித்து, ஊரறியக் கணக்கு வைத்து, அடுத்த வீட்டுக்கென ஒதுக்குங்கள். ஆண்டுக்கொரு வீடு அமையினும் குறைவன்று.

குடிபுகுநாளிலே அவ்வீட்டார் பால் காய்ச்சி இலைபோடும்போது, மாணாக்கரோடு நீங்களும் பந்தியில் அமருங்கள். அன்று அங்கே விருந்தளிப்பவர் அவ்வீட்டார், ஏற்பவர் நீங்கள். அம்முறைமாற்றம் நிகழ்ந்தபின்னரே அம்மனை வீடென்னும் பெயர்க்கு உரியதாம்.